கன்னியாவும் கோணேசரும் நரிக் கதையும் ஒன்றல்ல

"இராவணன் வெட்டு (கோணேசர் கோயில் மலையிலுள்ள பிளவு), கன்னியா வெந்நீர்க் கிணறுகள், அம்மம்மா சொன்ன நரிக் கதை, எல்லாம் ஒரே கட்டுக்கதை. கோணேசர் கோயில் இடிக்கப்பட்டதும் அப்படித்தான்" என்று திருகோணமலையைப் பற்றி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

1965இல் நாட்டாரியல் அறிஞர் வில்லியம் பாஸ்கம் மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். உலகம் உருவானதைச் சொல்லும், புனிதமாக நம்பப்படும் கதை தொன்மம். நடந்ததாக நம்பி, இடத்தோடும் ஆளோடும் சேர்த்துச் சொல்வது ஐதீகம். நரிக் கதை நாட்டார் கதை. சொல்பவரே அதை உண்மை என்று சொல்வதில்லை.

தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தரையில் குத்த, கன்னியாவில் ஏழு வெந்நீர் ஊற்றுகள் பிறந்தன என்பது ஐதீகம். கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டனின் கதைகளையும் நான் இதிலேதான் சேர்ப்பேன். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவது, சரி, அது கைவைத்தால் தெரியும். கதை அதற்கு மக்கள் தந்த விளக்கம்.

கோயில் இடிப்பு இந்த மூன்றிலும் சேராது. 1620களில் போர்த்துக்கேயர் அதை இடித்துக் கோட்டை கட்டியது வரலாறு. 1956இல் கோயில் இருக்கும் சுவாமி மலையின் அடிக் கடலில் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள்.