மாரா ஆற்றங்கரையில் நிற்கும் வண்டிகள்

ஆப்பிரிக்காவின் பெரும் வலசையைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களில் பலர், ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கென்யாவின் மசாய் மாராவுக்கே செல்கிறார்கள். மாட்டைப் போன்ற உடல்வாகு கொண்ட பெரிய மான்வகை விலங்கான வில்டபீஸ்ட், கூட்டமாக மாரா ஆற்றில் பாயும் அந்த ஒரு காட்சிதான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. அதற்காக அங்கே கூடும் வண்டிகள் விலங்குகளின் வழியையே மறித்து நிற்கின்றன என்பதால், அந்தப் படத்தின் மேல் எனக்கு ஆசை விட்டுப்போயிற்று.

மந்தை கரைக்கு வந்தவுடன் ஆற்றில் இறங்கிவிடுவதில்லை. முன்னால் நிற்பவை விளிம்பு வரை வந்து, தண்ணீரை முகர்ந்து, மிரண்டு பின்வாங்கி, மறுபடியும் வரும்; சில சமயம் இதுவே மணிக்கணக்கில் நீளும். அந்த நேரத்தில் ஒரு லேண்ட் குரூசர் முன்னே நகர்ந்தால் போதும், மற்றவையும் பின்னாலேயே வந்து இறங்குதுறையை அடைத்துக்கொள்ளும். மந்தை திரும்பிப்போகும், அல்லது கரை செங்குத்தாக இருக்கும் வேறோர் இடத்தில் பாய்ந்து ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் கூட்டமாக மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மனிதன் கால் வைக்காத காலத்திலும் இந்தச் சாவுகள் இருந்திருக்கும்; மீன்களும் பிணந்தின்னிக் கழுகுகளும் அவற்றை உண்டு வாழ்கின்றன. ஆனாலும் அந்தக் கணக்கில் நம் வண்டியால் ஒன்றுகூடச் சேரக் கூடாது.

வலசை என்பது ஆற்றைக் கடப்பது மட்டுமல்ல. லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்டுகள் வரிக்குதிரைகளோடு ஆண்டு முழுவதும் மழையைத் தொடர்ந்து சுற்றிவருகின்றன. பிப்ரவரியில் அவை தான்சானியாவின் ந்டுடு பகுதியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் முளைக்கும் குட்டைப்புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி என்பதால், பாலூட்டும் தாய்களுக்கு ஏற்ற இடம் அதுதான். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வார இடைவெளிக்குள் பிறந்துவிடுகின்றன. ஈரம் காயாத கன்று நான்கு கால்களையும் நான்கு திசைக்குப் பரப்பி, மூக்குக் குப்புற விழுந்து, சில நிமிடங்களிலேயே எழுந்து தாயின் பின்னால் ஓடுவதை எந்த ஆற்றுக் காட்சிக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். அரிசி நிரப்பிய பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தி, காலை வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். அதன்பின் கானல் எழுந்து, தொலைவில் உள்ளதெல்லாம் நெளியத் தொடங்கும், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அதற்கு உதவாது.

அங்கும் நெரிசல் இல்லாமலில்லை. சில இடங்களில் வண்டிகள் பாதையை விட்டு விலகியும் ஓடுவதால், வேட்டைக்குப் பதுங்கும் சிவிங்கிப்புலியை வண்டிகள் வளைத்துக்கொள்வதும் நடக்கிறது. பழியை ஓட்டுநர் மேல் போடுவது எளிது. ஆனால் இன்னும் கிட்டே போகச் சொல்வது பெரும்பாலும் கேமராவோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான், அவருடைய வருமானத்தில் நாம் தரும் டிப்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே முதல் நாள் காலையிலேயே, வண்டி கிளம்புமுன், படம் கிடைக்காவிட்டாலும் டிப்ஸ் குறையாது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.