சாம்பியனுக்கு எதற்கு இன்னொரு பரீட்சை?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இரண்டு நாள் ஆறப்போட்டும் ஆறவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரக் கால்பந்து அணியான லோக் லைப்சிக், மூன்றாம் படி லீக்குக்கு ஏறும் ஆட்டத்தில் தோற்றதைப் பற்றி நான் போட்ட இரண்டே வரிக்கு, "ஜெயித்திருந்தால் மேலே போயிருப்பார்கள், இதில் அழ என்ன இருக்கிறது" என்று வந்ததே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஜெயித்தார்கள் ஐயா. அதைத்தானே சொல்கிறேன். 34 ஆட்டம் ஆடி, ஹாலே மாதிரி ஓர் அணியைப் பின்னால் தள்ளி, வடகிழக்கு ரெகியோனால்லிகா என்கிற நான்காம் படி லீக்கில் முதலிடம் பிடித்தார்கள். ஜெயித்தவர்களை நிறுத்தி வைத்து, இப்போது இன்னொரு லீக்கின் சாம்பியனான ஹாஃபெல்ஸேயோடு இரண்டு ஆட்டம் ஆடு என்றார்கள். லைப்சிக்கில் 1–1. 2025 ஜூன் 1 அன்று ஹனோவர் பக்கம் போய் 90 நிமிடம் கோல் இல்லாமல் தாக்குப்பிடித்து, கூடுதல் நேரத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். பத்து மாத உழைப்பு அந்த அரை மணி நேரத்தில் போயிற்று.

ஹாஃபெல்ஸேமீது எனக்குக் கோபமே கிடையாது. அவர்களும் வடக்கின் சாம்பியன். அவர்கள் தோற்றிருந்தால் அதுவும் இதே அநியாயம்தான். ஜெர்மனியின் நான்காம் படியில் ஐந்து லீக் இருக்கின்றன. ஐந்து சாம்பியன்கள். மூன்றாம் படிக்கு ஏற நான்கே இடம். மேற்கிலும் தென்மேற்கிலும் முதலில் வருகிறவர் ஒவ்வொரு வருடமும் நேராகப் போய்விடலாம். வடக்கு, வடகிழக்கு, பவேரியா மூன்றுக்கும் சேர்த்து இரண்டு இடம். அதில் ஒன்று முறைவைத்துச் சுற்றும். 2025-இல் பவேரியாவின் முறை, ஷ்வைன்ஃபுர்ட் நேராக ஏறியது. மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு இரண்டு சாம்பியன்கள் முட்டிக்கொள்ள வேண்டும்.

இதே வருடம் தென்மேற்கிலிருந்து நேராக ஏறியது யார்? ஹோஃபன்ஹைமின் இரண்டாம் அணி. பெரிய கிளப்பின் இளைஞர்கள் ஆடுகிற அணி. நாளைக்கு மூன்றாம் படி லீக்கான மூன்றாம் லிகாவிலேயே முதலில் வந்தாலும் அதற்கு மேல் ஏற அவர்களுக்கு அனுமதி கிடையாது. சாம்பியன்கள் முட்டிக்கொள்ளும் இந்த ஆட்டத்துக்குப் பிளே-ஆஃப் என்று பெயர், அவர்களுக்கு அது இல்லை. 1903-இல் ஜெர்மனியின் முதல் சாம்பியனான கிளப்பின் மரபைச் சுமக்கிற லோக்குக்கு உண்டு. அந்தப் பையன்கள் பாவம், நன்றாக ஆடித்தான் வந்தார்கள். ஆனால் இதைச் சரி என்று எனக்கு யாராவது விளக்கிச் சொல்லுங்கள்.

"மேற்கிலும் தென்மேற்கிலும் கிளப்புகள் அதிகம், ஆடுகிறவர்கள் அதிகம்" என்பீர்கள். இருக்கட்டும். கூட்டம் அதிகம் என்றால் அவர்களுக்கு லீக்கைப் பெரிதாக்குங்கள். முதலில் வந்தவன் முதலில் வந்தவன்தான், அவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்தா இடம் கொடுப்பது?

"விதி முன்பே தெரியும்தானே" என்பது இன்னொன்று. தெரியும். தெரிந்திருந்தால் அநியாயம் நியாயமாகிவிடுமா? 2025 ஆரம்பத்தில் வடகிழக்கு கிளப்புகள் ஒன்றுகூடி, சாம்பியன்கள் ஏறியே ஆக வேண்டும் என்று குரல் கொடுத்தன. ஒன்றையொன்று வெறுக்கிற கிளப்புகள் அவை. வடக்கிலும் பவேரியாவிலும் ஆதரவு வந்தது. விதி தெரிந்ததால்தானே கேட்டார்கள்?

லோக்குக்கு இது இரண்டாவது முறை. 2020-இல் ஃபெர்ல் அணியோடு. லைப்சிக்கில் 2–2, பதிலாட்டத்தில் 1–1. ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வெளியூரில் அதிக கோல் அடித்தவர் என்ற கணக்கில் ஃபெர்ல் மேலே போனது. அந்த ஃபெர்ல் சாம்பியன்கூட இல்லை. அந்த வருடம் மேற்குக்கும் பிளே-ஆஃப் இருந்தது, அங்கே முதலில் வந்த அணி விண்ணப்பிக்காததால் இரண்டாம் இடத்திலிருந்து வந்தவர்கள். கொரோனா காலம், ஆளில்லாத மைதானம். நான் வீட்டில் சின்னத் திரையில் பார்த்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் அன்று கதவைத் திறக்கவே இல்லை.

லோக்கின் மைதானம் இருக்கிற ப்ரோப்ஸ்டைடாவுக்கு என்னை முதலில் அழைத்துப் போனவர் அவர்தான். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம், எனக்குப் பேச ஆளில்லை. படிக்கட்டில் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று கேட்டார். 15-ஆம் எண் டிராமில், 1813 போரின் அந்தக் கறுத்த நினைவுச்சின்னத்தைத் தாண்டிப் போனோம். பழைய மரக் கூரைப் பார்வையாளர் மாடம், கையில் சுடச்சுட ரொட்டிக்குள் வைத்த சாசேஜ். 1987-இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையின் அரையிறுதியில், பிரான்சின் போர்தோ (Bordeaux) அணியை லோக் வென்ற ராத்திரியை அங்கே வைத்துத்தான் சொன்னார். கடைசிப் பெனால்டியை கோல்கீப்பர் ரெனே முல்லரே அடித்தாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. இறுதியில் ஏதென்ஸில் அயாக்ஸிடம் 0–1. அதையும் சொன்னார், ஆனால் சுருக்கமாக.

2004-இல் கிளப் திவாலாகி, ரசிகர்களே சேர்ந்து பதினொன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அந்த வருடம் அந்தக் கடைசிப் படி ஆட்டம் ஒன்றுக்கு 12,421 பேர் வந்தார்கள். பெரியவரும் போயிருந்தார். அங்கிருந்து ஏறி நான்காம் படிக்கு வந்தவர்களைத்தான் "திறமை இல்லை" என்கிறீர்கள்.

அடுத்து வரப்போகிற கேள்வியும் தெரியும். "நீ ஒரு தமிழன், கறுப்புத்தோல்காரன், அந்த மைதானத்துக்கா போகிறாய்?" லோக் ரசிகர்களில் ஒரு கூட்டம் 2006-இல் இளைஞர் ஆட்டம் ஒன்றில் ஸ்வஸ்திகா வடிவில் நின்றது உண்மை. அதை நான் மறைக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. முதல் சில ஆட்டங்களில் எனக்கும் முதுகு கூசியது. பெரியவர் ஒவ்வொரு முறையும் என்னைச் சுவர்ப்பக்கம் நிறுத்தி, தான் வெளிப்பக்கம் நின்றுகொள்வார். எதற்கு என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவரும் லோக்தான். அந்தக் கூட்டத்தைக் காட்டி இவருடைய கண்ணீரை வேண்டாத ஒன்றாக ஆக்காதீர்கள். தவிர, பிளே-ஆஃப் விதிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"கிழக்குக்காரர்களுக்கு எப்போதும் புலம்பல்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். வடகிழக்கு லீக் பெரும்பாலும் பழைய கிழக்கு ஜெர்மனிதான், அதனால் அப்படி. அதன் சாம்பியன்கள் பிளே-ஆஃபில் தோற்ற வரிசையைப் பாருங்கள். 2022-இல் பெர்லினின் பே எஃப் சே டினாமோ, ஓல்டன்பூர்க்கிடம். 2023-இல் கோட்புஸ், உன்டர்ஹாகிங்கிடம். இப்போது லோக். இப்படி வரிசையாக நடந்தால் புலம்பாமல் என்ன செய்வார்கள்? கோட்புஸ் அடுத்த வருடம் மறுபடி சாம்பியனாகி, முறை வந்ததால் நேராக ஏறியது. ஏறிய கையோடு 2024–25 பருவத்தில் மூன்றாம் லிகாவில் நான்காம் இடம். இவர்களைத்தான் ஒரு வருடம் வாசலில் நிற்க வைத்தீர்கள். பவேரியாவையும் விட்டுவிடவில்லை நான். 2024-இல் பவேரியாவின் வூர்ட்ஸ்புர்க், ஹனோவரின் இரண்டாம் அணியிடம் பெனால்டியில் தோற்றது. அவர்களும் சாம்பியன்கள்தான். அன்றும் இதையேதான் எழுதினேன், பழைய பதிவைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1991-இல் இரண்டு ஜெர்மனியின் கால்பந்தை ஒன்றாக்கியபோது, கிழக்கின் முதல் லீக்கிலிருந்து மேற்கின் முதல் லீக்கான பூண்டஸ்லிகாவுக்குக் கொடுத்தது இரண்டே இடம். ஒரு நாட்டின் முதல் லீக்குக்கு இரண்டு இடம்! பெரியவர் இன்றைக்கும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். எனக்கு முன்பு அது மிகையாகத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படித் தெரியவில்லை.

நான்கு இடம்தான் என்றால் நான்கு லீக் வையுங்கள். ஐந்து லீக்தான் என்றால் ஐந்து பேரை ஏற்றுங்கள். மேலேயிருந்து ஐந்து பேர் இறங்க வேண்டிவரும் என்று மூன்றாம் லிகா கிளப்புகள் பயப்படுகின்றன. அந்தப் பயத்துக்குக் கீழே இருக்கிறவனா ஒவ்வொரு வருடமும் விலை கொடுக்க வேண்டும்? ஜூன் 30 வந்தால் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் முடியும். நல்லவர்கள் வேறு கிளப் தேடிப் போவார்கள். 2026-இல் மறுபடி முதலில் வந்தாலும் லோக்குக்கு மறுபடி பிளே-ஆஃப்தான். ஏனென்றால் அந்த வருடம் நேராக ஏறும் முறை வடக்குக்கு.

நேற்று பெரியவரைப் படிக்கட்டில் பார்த்தேன். புதுப் பருவத்துக்குச் சீசன் டிக்கெட் எடுக்கப் போகிறேன், உனக்கும் சேர்த்து எடுக்கவா என்று கேட்டார். எழுபதைத் தாண்டியவர், மூட்டுவலியோடு நிற்கிறார். எடுங்கள் என்றேன்.