"எம்மாம் பெருசு" என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் போட்ட அந்த 20 நொடி வீடியோவை, ஒரு பையன் காட்டில் மரத்தைப் பார்த்துக் கத்துகிற வீடியோவை, இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பகிர்ந்தவர் மேலே எழுதியதையும் படித்திருப்பீர்கள். "காடு அமைதிக்கான இடம், சந்தைக்கடை இல்லை. இவர்களையெல்லாம் யார் உள்ளே விடுகிறார்கள்?"

இவர்களைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வடசென்னைப் புளியந்தோப்பில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகள், 14 பேர். ரயிலில் கோவை, அங்கிருந்து பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம். காடு கேரளத்துடையது, வண்டி போகிற பாதை தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே கன்னிமாரா தேக்கின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்த ஒரு பையன், "இன்னா மரம்ணா! எம்மாம் பெருசு!" என்று கத்திவிட்டான். நடந்தது இவ்வளவுதான். ஒரு பையன் ஆச்சரியப்பட்டான்.

ஆச்சரியப்படாமல் என்ன செய்வான்? சுற்றளவு மட்டும் கிட்டத்தட்ட 7 மீட்டர். எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் கைகோத்து நின்ற பிறகுதான் வட்டம் முடிந்தது. வயது 450 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். 1639-ல் கம்பெனிக்காரர்கள் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியபோதே அது நன்றாக வளர்ந்து நின்ற மரம். நம் ஊரைவிட மூத்தது. 1994-95-ல் மத்திய அரசு அதற்கு மகாவிருட்ச புரஸ்கார் விருது கொடுத்தது. கன்னிமாரா என்றால் எழும்பூர் நூலகம் என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளிடம், வெட்டப் போனபோது அந்த மரத்திலிருந்து ரத்தம் வந்ததாம், அதனால்தான் அதைக் கன்னியாக நினைத்து மலைமக்கள் கும்பிடுகிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார். இரண்டு பெண்பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். எங்கள் பக்கம் கன்னிமார் சாமி இல்லாத தெரு குறைவு, அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதையெல்லாம் நான் வீடியோ எடுக்கவில்லை.

"காட்டில் கத்தக் கூடாது என்பது விதிதானே?" என்று கேட்பீர்கள். விதிதான், நியாயம்தான். வழிகாட்டி உதட்டில் விரலை வைத்த அடுத்த நொடி அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் வனத்துறை வண்டியில் திரும்பும் வரை ஜாடையில்தான் பேசினான். "பிள்ளைகள் முகம் தெரிகிற வீடியோவை நீங்கள் போட்டிருக்கக் கூடாது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சரி, அது என் தவறு.

"அவர் எந்த ஊரையும் சொல்லவில்லையே, வடசென்னையை நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. அந்தப் பதிவுக்குக் கீழே போய்ப் பாருங்கள். "இன்னா" என்று எழுதி எழுதிச் சிரித்தவர்கள் எத்தனை பேர்? அவன் சத்தம் போட்டதற்காக யாரும் சிரிக்கவில்லை. அவன் பேசிய பேச்சுக்காகச் சிரித்தார்கள். "வாவ்" என்று கத்தியிருந்தால் எவரும் பகிர்ந்திருக்க மாட்டார்கள். ஒரு பையன் ஆச்சரியப்பட்டான், அதுவும் அவன் வீட்டில் பேசுகிற பேச்சில்.

என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை சூளைப் பகுதியில் ஒரு மரவாடியில் நாற்பது வருஷம் ரம்பம் இழுத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அறுத்த கட்டையில் விரலை ஈரம் பண்ணித் தேய்த்து, வளையத்தை எண்ணி, எந்த வருஷம் மழை பொய்த்தது என்று காட்டுவார். நெருக்கமாக இருந்தால் வறட்சி, அகலமாக இருந்தால் நல்ல மழை. வைரம் பாய்ந்த தேக்கு வந்தால் அதைத் தாண்டிப் போக விட மாட்டார். "உன் பாட்டனுக்குப் பாட்டன் வயசுடா, சுத்திக்கினு போ" என்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய் அந்த வாசனையில் உட்கார்ந்திருப்பேன். தாத்தா அறுத்த தேக்கு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கன்னிமாராவின் பட்டையில் கை வைத்தபோது அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். எங்களுக்கு மரம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும், வலிக்கத்தான் செய்யும்.

அந்தக் காட்டை அழித்தது யார்? மேலேயிருந்து கட்டைகளைச் சரித்துவிட்டதால்தான் அந்த இடத்துக்கே டாப்ஸ்லிப் என்று பெயர். கப்பலுக்கும் தண்டவாளத்துக்கும் ஆனைமலைத் தேக்கை வாரிக்கொண்டு போனது வெள்ளைக்காரன். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க, கொச்சி சமஸ்தானம் தனியாக டிராம் பாதையே போட்டது. இன்று அங்கே காவலுக்கும் வழிகாட்டவும் நிற்பது காடர், மலசர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். எங்களுடன் வந்த வழிகாட்டியும் அப்படித்தான். அவர் எங்கள் பிள்ளைகளை ஒரு முறைகூட முகம் சுளித்துப் பார்க்கவில்லை. கூட வந்த வேறு சுற்றுலாக்காரர்கள் பார்த்தார்கள்.

2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளியது யார்? மீனவர்களும் மாணவர்களும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி அலையாத்தி மரமெல்லாம் கறுத்துப்போனதே, அப்போது படகில் போய் அதை அள்ளியது யார்? அனல்மின் நிலையத்துச் சாம்பல் யார் ஆற்றில் போய் விழுகிறது? ஊருக்கெல்லாம் விளக்கு எரிய எங்கள் ஆறு சாம்பலாகலாம். எங்கள் வீட்டுப் பையன் ஒரு பெரிய மரத்தைப் பார்த்து வாய்விட்டு வியந்தால் மட்டும் காடு கெட்டுவிடுமா? பாதுகாக்கப்பட்ட காடு என்றால் யாரிடமிருந்து பாதுகாக்கப்பட்டது?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

நேற்று சாயங்காலம் அந்தப் பையன் வகுப்புக்கு வந்தான். பதிவைப் பார்த்துவிட்டான். தன்னைக் கிண்டல் செய்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நான் கத்துனதால யானை எதுனா பயந்திருக்குமாண்ணா?" என்று மட்டும் கேட்டான். இல்லடா என்றேன். அவன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "புள்ள எதுனா தப்பு பண்ணிட்டானா தம்பி? அடுத்த டூருக்கு இவன் வேணாம், உட்டுருங்க" என்றார்.

அடுத்தது எண்ணூர் அலையாத்திக் காடு. அவன் பெயரை நான் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.