அந்தத் தேய்மானத்தை அழிக்காதீர்கள்

எஸ்ஸன் நகரத்தில் டெக்னோ கிளாசிக்கா பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் ஆகிறது, கால்வலி இன்னும் போகவில்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தெரியாதவர்களுக்கு: ஜெர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்த ஊர் எஸ்ஸன். அங்கே 1989-ல் தொடங்கிய பழைய கார் கண்காட்சி இது. கூடம் கூடமாக நடக்க வேண்டும், ஒரு நாள் போதாது. மகளையும் கூட்டிப் போயிருந்தேன்.

முதலில் எங்களை நிறுத்தியது ஒரு மெர்சிடிஸ் 540கே. 1930-களின் பிற்பாதியில் வந்த கார். 5.4 லிட்டர் என்ஜின், எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில், அதனால்தான் பானெட் அவ்வளவு நீளம். சாதாரணமாக ஓட்டினால் 115 குதிரைத்திறன், ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் சேர்ந்துகொண்டு 180 ஆகும். பானெட்டின் பக்கவாட்டிலிருந்து வெளியே வளைந்து இறங்கும் அந்தக் குரோம் குழாய்களைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஆனால் கிட்டே போய்ப் பார்த்தபோது எனக்கு மனசு ஒட்டவில்லை. கறுப்பு பெயிண்டில் முகம் தெரிகிறது. தோல் இருக்கை புதுசு, மரவேலை புதுசு, ஒரு திருகாணியில்கூட ஸ்பானர் பட்ட தடம் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைக்குக்கூட அது இப்படி மினுங்கியிருக்காது என்று நினைக்கிறேன். எண்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கார் எங்கே இருந்தது, யார் ஓட்டினார்கள், போரில் எங்கே ஒளித்து வைத்தார்கள், எதற்கும் அதன் மேல் தடயம் இல்லை. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். உழைப்பு பெரியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை அங்கே ஒரு காரின் வரலாறு பாலிஷ் போட்டு அழிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு கூடம் தள்ளி ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல். கதவுகள் கடற்பறவையின் இறக்கை மாதிரி மேலே தூக்கிக்கொள்ளுமே, அதேதான். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது, அமெரிக்காவில் இறக்குமதி வியாபாரம் செய்துவந்த மேக்ஸ் ஹாஃப்மன் விடாமல் வற்புறுத்தியதால் பிறந்த கார் என்று சொல்லலாம். கதவை அப்படி வைத்தது அழகுக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. எடை குறைய வேண்டும் என்று மெல்லிய குழாய்களைப் பின்னி ஒரு கூண்டு மாதிரிச் சட்டகம் செய்தார்கள், அது உறுதியாக நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் குழாய்கள் உயரமாகப் போக வேண்டும், அப்புறம் சாதாரணக் கதவுக்கு இடம் ஏது? அதனால் கூரையில் கீல் வைத்தார்கள். என்ஜினை நேராக வைத்தால் பானெட் உயரும் என்று பக்கவாட்டில் சாய்த்து வைத்தார்கள். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜினில் எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலாக வந்தது இதில்தான். இறக்கைக் கதவுள்ள கார் மொத்தம் 1400 தான் செய்தார்கள்.

இதன் அண்ணன், 1952-ல் பந்தயத்துக்கென்றே செய்த 300 எஸ்எல், அந்த வருடம் பிரான்சில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது, மெக்சிகோவில் கரேரா பனமெரிக்கானா என்ற நெடுஞ்சாலைப் பந்தயத்தையும் ஜெயித்தது. மெக்சிகோவில் ஓடும்போது ஒரு பிணந்தின்னிக் கழுகு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது, ஓட்டுநர் கிளிங்கும் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன கிளெங்கும் அப்படியே போய் முதலாவதாக வந்தார்கள். அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் இரும்புக் கம்பிகள் கட்டினார்கள். அதைச் சொன்னதும் மகள் கண்ணை அகலமாக விரித்தாள்.

சரி, நான் பார்த்த 300 எஸ்எல்லுக்கு வருகிறேன். அது பழுது பார்த்துப் புதுப்பிக்காத கார். உள்ளே ஏறுவதென்றால் அந்த உயரமான பக்கவாட்டு மேட்டில் முதலில் உட்கார்ந்து, மடங்கும் ஸ்டியரிங்கைக் கீழே சாய்த்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு சரிய வேண்டும். எத்தனையோ வருடம் ஆட்கள் அப்படி ஏறி இறங்கியதில் ஓட்டுநர் பக்கத்து மேட்டில் தோல் தேய்ந்து, நிறம் வெளுத்து, ஒரு ஓரத்தில் கிழிந்தும் இருந்தது. பயணி பக்கம் அவ்வளவு தேய்மானம் இல்லை. அதாவது பெரும்பாலும் ஒருவர் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த கார். இதை எந்தப் பலகையும் சொல்லவில்லை, அந்தத் தோல் சொன்னது. கார் பக்கத்தில் நின்ற வயதானவரிடம் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "மாற்றினால் அது என் கார் இல்லையே" என்றார்.

ஜெர்மனியில் முப்பது வருடம் தாண்டிய காருக்கு நம்பர் பிளேட்டில் கடைசியில் எச் எழுத்து வாங்கலாம். 1997-லிருந்து இருக்கிறது. பெரும்பாலும் அசல் நிலையில், நன்றாகப் பராமரிக்கப்பட்டு இருக்கிறது என்று நிபுணர் சோதித்துச் சொல்ல வேண்டும், சொன்னால் என்ஜின் எவ்வளவு பெரியதானாலும் வருட வரி 191.73 யூரோதான். பழைய வண்டியை ஓட்டி வைத்திருப்பது நாட்டின் சொத்தைக் காப்பது என்று அரசே ஒத்துக்கொள்கிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

போர்ஷே 917 பந்தயக் கார் ஒன்றும் இருந்தது. எடை குறைக்க கியர் குமிழைக்கூட பால்சா மரத்தில் செய்த கார். கூட்டம் நெருக்கியதால் அங்கே நிறைய நேரம் நிற்க முடியவில்லை.

அப்புறம் வெள்ளி நிறத்தில் அந்த மெர்சிடிஸ் டபிள்யூ 25 பந்தயக் கார். மகள் உடனே, "அப்பா, இதுதானே பெயிண்ட் சுரண்டின கார்?" என்றாள். அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லி வளர்த்தவன் நான்தான். 1934-ல் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு முந்தைய நாள் எடை பார்த்தால் 751 கிலோ, விதிப்படி 750-க்கு மேல் போகக் கூடாது, அணி மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பாவர் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை பெயிண்டைச் சுரண்டச் சொன்னார், அலுமினியம் பளபளத்தது, மறுநாள் அதை ஓட்டிய பிரவுஹிட்ச் ஜெயித்தார், ஜெர்மன் பந்தயக் கார்களுக்கு 'வெள்ளி அம்பு' என்ற பெயர் பிறந்தது. நல்ல கதை. ஆனால் வரலாற்றாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. அந்தப் பந்தயத்துக்கு 750 கிலோ விதியே பொருந்தவில்லை என்கிறார்கள். 1932-லேயே பெர்லின் ஆவுஸ் தடத்தில் அதே பிரவுஹிட்ச் பெயிண்ட் இல்லாத வெள்ளி நிறக் காரை ஓட்டி ஜெயித்திருக்கிறார். இதையெல்லாம் அங்கேயே அவளிடம் சொன்னேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு.

அதே வெள்ளி நிறத்தில் எதிரணி ஆட்டோ யூனியன். பதினாறு சிலிண்டர் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கார், வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1938 ஜனவரி 28 அன்று ஃபிராங்க்ஃபர்ட் டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் காலையில் மெர்சிடிஸ் ஓட்டுநர் கரச்சியோலா மணிக்கு 432.7 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அதை முறியடிக்கப் போன ஆட்டோ யூனியனின் பெர்ன்ட் ரோஸ்மையர் அன்றைக்கே அதே சாலையில் செத்துப்போனார். வயது 28. இந்த இரண்டு அணிக்கும் நாஜி அரசு பணம் கொடுத்தது. அந்த வேகம் யாருடைய பெருமைக்காக என்பதை மறைத்துவிட்டு என்ஜினை மட்டும் புகழ என்னால் முடியவில்லை. புகழவும் செய்கிறேன், அதையும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வியாபாரியின் இடத்தில் ஹார்ஷ் 853 என்ற சொகுசுக் காரைப் பார்த்தோம். பாலாடை நிறத்தில், பார்த்தால் மூச்சு நின்றுவிடும். ஆகஸ்ட் ஹார்ஷ் தான் தொடங்கிய கம்பெனியை விட்டு வந்தபோது சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியாமல் போனது, 'ஹார்ஷ்' என்றால் ஜெர்மனில் 'கேள்', அதை லத்தீனுக்கு மாற்றிப் புதுக் கம்பெனிக்கு ஆடி என்று வைத்தார். 1932-ல் ஆடி, டிகேடபிள்யூ, ஹார்ஷ், வாண்டரர் என்ற நான்கு கார் கம்பெனிகளும் சேர்ந்ததுதான் ஆட்டோ யூனியன், அந்த நான்கைத்தான் இன்றைய ஆடியின் நான்கு வளையம் குறிக்கிறது. இதெல்லாம் பலகையில் அழகாக எழுதியிருந்தது. போர்க்காலத்தில் அதே நிறுவனத்தின் ஆலைகளில் வதைமுகாம் கைதிகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டாயமாக வேலை வாங்கினார்கள் என்பது எழுதவில்லை. இந்தக் காரைச் செய்தது அவர்கள் இல்லை, இது போருக்கு முந்தையது, சரி. ஆனால் கம்பெனியின் கதையை 1909-லிருந்து இன்றைய வளையம் வரைக்கும் சொல்கிறவர் நடுவில் ஆறு வருடத்தை மட்டும் எப்படித் தாண்டலாம்? ஆடியே வரலாற்றாளர்களை வைத்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட விஷயம் இது, ரகசியம் ஒன்றும் இல்லை.

வியாபாரியிடம் கேட்டேன். அதையெல்லாம் படிக்க யாரும் இங்கே வருவதில்லை என்றார். என் மகள் அந்தப் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டு நின்றாள்.