ஓவியத்தின் கண்ணால் ஜெர்மனி

பிரெஞ்சு ஓவியர் லூஸ் வரைந்த 'இரண்டு நிர்வாணப் பெண்கள்' கிராஃபிக் நாவலைப் படித்ததிலிருந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். 2025இல் பிரான்ஸின் அங்கூலேம் சித்திரக்கதை விழாவின் தலையாய விருதை வாங்கிய புத்தகம். விருது கிடக்கட்டும், இது வேறு காரணங்களுக்காகப் படிக்க வேண்டியது.

ஜெர்மன் ஓவியர் ஓட்டோ முல்லர் 1919இல் வரைந்த ஓர் ஓவியத்தின் கதை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நாம் பார்ப்பது அந்த ஓவியத்தை அல்ல, அதன் எதிரே நடப்பதை. சுவரில் மாட்டினால் எதிர் அறை தெரிகிறது. தூக்கிக்கொண்டு போனால் கட்டமே சாய்கிறது. எதிரில் என்ன நடந்தாலும் ஓவியத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. படிக்கிற நமக்கும் அதே கதிதான்.

அந்த ஓவியத்தை வாங்கியவர், அன்று ஜெர்மனியில் இருந்த ப்ரெஸ்லாவ் நகரின் யூத வழக்கறிஞர் இஸ்மார் லிட்மான். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் தொழில் பறிபோனது. 1934இல் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு அவருடைய சேகரிப்பு பெர்லினில் ஏலத்துக்கு வந்தபோது, நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ உள்ளே புகுந்து பல படைப்புகளை அள்ளிக்கொண்டு போனது. இந்த ஓவியமும் அதில் ஒன்று.

அப்புறம் 1937, மியூனிக். நாஜிகள் நவீன ஓவியங்களுக்கு 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து, இந்த ஓவியம் உட்பட சுமார் 650 படைப்புகளை நெருக்கியடித்து மாட்டி, சுவரிலேயே கேலி வாசகங்கள் எழுதி, இலவசமாக மக்களை உள்ளே விட்டார்கள். 20 லட்சம் பேர் வந்தார்கள். அந்தக் கண்காட்சியின் பழைய புகைப்படங்களில் நான் பெரும்பாலும் கண்டது கூட்டத்தின் முதுகுகளை. லூஸ் நம்மைச் சுவர்ப் பக்கம் நிறுத்திவிடுகிறார். வந்தவர்கள் நம் முகத்தருகே குனிந்து பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். புத்தகத்திலேயே என்னை அதிகம் கலங்கடித்த பகுதி இது.

லூஸ் இதை வரைந்ததில் ஆச்சரியம் இல்லை. 2015 ஜனவரி 7இல் பாரிஸின் ஷார்லி எப்தோ நையாண்டிப் பத்திரிகை அலுவலகத்தில் நடந்த படுகொலையில் நண்பர்களைப் பறிகொடுத்தவர். அன்று தாமதமாகப் போனதால் உயிர் தப்பியவர். ஒரு படத்தின் மேல் எவ்வளவு வெறுப்பு பாயும் என்பது அவருக்குத் தெரியும்.

ஓவியம் பிறகு ஜெர்மனியின் கொலோன் நகர வழக்கறிஞர் யோசெஃப் ஹாப்ரிஹ் கைக்கு வந்தது. 1946இல் அவர் தன் சேகரிப்பை நகரத்துக்குக் கொடுத்தார். 1999இல் நகரம் ஓவியத்தை லிட்மானின் வாரிசுகளுக்கே உரியது என ஒப்புக்கொண்டது; பிறகு அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. இன்று அங்கே லுட்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையை 'கடைசியில் கலை வென்றது' என்று சொல்லிக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. லிட்மான் போனது போனதுதான். அவர் குடும்பம் 64 ஆண்டுகள் காத்திருந்தது. அவரை வெறும் 'முன்னாள் உரிமையாளர்' ஆக்கிக் கடந்துபோகாமல், அவர் வீட்டுக்குள் நம்மை நேரம் கொடுத்து உட்கார வைத்ததற்காகவே லூஸை மதிக்கிறேன்.

மேல்வகுப்பு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தலைப்பைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தாராளமாகப் படிக்கக் கொடுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள்.