ஆலைக்குத் தண்ணீர் தேடிய மெரிட்

கனடாவில் வெலண்ட் கால்வாய் உருவாகக் காரணமான வில்லியம் ஹாமில்டன் மெரிட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவரைத் தொலைநோக்குடையவர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால், அந்தத் தொலைநோக்குக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

1793-இல் பிறந்த மெரிட், 1812-இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மூண்ட போரில் பிரிட்டிஷ் தரப்பின் குதிரைப்படையில் இருந்து, 1814-இல் அமெரிக்கர்களிடம் பிடிபட்டவர். போர் முடிந்தபின் செயின்ட் கேத்தரின்ஸில், ட்வெல்வ் மைல் கிரீக் ஓடைக்கரையில் கடையும் ஆலையும் நடத்தினார். ஓடையில் நீர் குறைந்தால் ஆலைச் சக்கரம் நின்றுவிடும். மேட்டுக்கு அப்பால் ஓடும் வெலண்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட முடியுமா என்று 1818-இல் அவர் நிலத்தை அளந்து பார்த்தது அந்தத் தேவையால்தான். ஈரி, ஒன்டாரியோ ஏரிகளுக்கு இடையே நயாகரா அருவி மறித்து நின்ற கப்பல் வழியைத் திறந்துவிடலாம் என்ற எண்ணமாக அது வளர்ந்து, 1824-இல் வெலண்ட் கால்வாய் நிறுவனமாயிற்று. சொந்த ஆலைக்காகத் தொடங்கினார் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. தன் தேவைக்குள் ஒரு நாட்டின் தேவையைக் கண்டுகொண்டது பெரிய அறிவு.

மண்வெட்டியோடு இறங்கி அந்தக் கால்வாயை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள். 1828-இல் ஆழமாக வெட்டிய பகுதியில் கரை சரிந்ததால் திட்டத்தையே மாற்றி, கிராண்ட் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. 1829 நவம்பர் இறுதியில் இரண்டு பாய்க்கப்பல்கள் மரத்தாலான லாக்குகளில், அதாவது நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளில், படிப்படியாக ஏறிக் கால்வாயைக் கடந்தன. அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

என் மறுப்பு இதற்குப் பின் நடந்தவற்றில்தான் இருக்கிறது. நிறுவனம் மீண்டும் மீண்டும் அரசின் கடனையும் பங்கு முதலீட்டையும் நாடிய காலத்திலேயே, 1832-இல், மெரிட் சட்டமன்ற உறுப்பினரானார். பணம் கேட்கும் இடத்திலும் கொடுக்கும் இடத்திலும் ஒருவரே அமர்ந்திருப்பது எவ்வளவு நல்ல மனிதருக்கும் தகாது. 1835-இல் சீர்திருத்த அரசியல்வாதியான வில்லியம் லயன் மெக்கன்சி நிறுவனத்தின் கணக்குகளைக் கிளறியபோது அவரைக் கலகக்காரர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. என் பார்வையில், வரி கட்டியவர்களின் சார்பில் கேட்கப்பட வேண்டிய கேள்விகளையே அவர் கேட்டார்.

1841-இல் அரசே தனியார் பங்குகளை வாங்கிக்கொண்டது. மரத்தாலானவை பழுதுபட, கல்லில் புதிய லாக்குகள் கட்டிய செலவும் பொதுப்பணத்தையே சேர்ந்தது. 1850-இல் மெரிட் பொதுப்பணித் துறையின் ஆணையராகவும் ஆனார். 1862-இல் அவர் இறந்தபின் அவருடைய நகரம் அவருக்குச் சிலை வைத்தது. அதற்கு அவர் தகுதியானவர்தான். அந்த மரியாதைக்குப் பக்கத்தில், மண் சுமந்தவர்களுக்கும் கடனைச் சுமந்த குடியானவர்களுக்கும் இடம் கேட்கிறேன்.