க்ரீம் ஏலில் க்ரீம் இல்லை

வேலை மாறி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டருக்கு வந்த முதல் வாரம். அலுவலக நண்பன் ஒருவன் பச்சை நிற கேன் ஒன்றை என் பக்கம் தள்ளினான். ஜெனசீ க்ரீம் ஏல், ஒரு வகை பீர். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. "வேண்டாம் மச்சான், க்ரீம்னு போட்டிருக்கு" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

க்ரீமும் இல்லை, பாலும் இல்லை. நுரையின் வழவழப்புக்காக வந்த பெயர் என்பார்கள். விற்பதற்காக வைத்த பெயர் என்பது என் சந்தேகம். டம்ளரில் ஊற்றினால் வைக்கோல் நிறம். அந்தப் பக்கம் இருக்கும் ஆளின் சட்டைக் கட்டம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. லேசான சோள இனிப்பு. கசப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி.

பீர் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இது இளக்காரம். இந்த ஊர் பார் ஒன்றில் கேட்டபோது, "மக்காச்சோளம் போட்ட பீரா?" என்று உதட்டைப் பிதுக்கினார் ஊற்றிக் கொடுப்பவர். அன்றிலிருந்து எனக்கு இதன் மேல் ஒரு பிடிவாதப் பாசம்.

இது போட்டியில் பிறந்த சரக்கு. அமெரிக்காவின் வடகிழக்கில் வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிக்கும் ஆங்கிலேய பாணி பீரான ஏல்தான் புழக்கத்தில் இருந்தது. 1840களில் ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். குளிரில் மெதுவாகப் புளிக்கும் அவர்களுடைய பீரான லாகரும் கூடவே வந்தது. தெளிவாக, லேசாக இருந்ததால் சனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் லாகருக்குப் பொறுமை வேண்டும், குளிர் வேண்டும். நிலவறையும் ஐஸும் தேடி வாரக்கணக்கில் கிடத்தி வைக்க வேண்டும். ஏல்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்களுடைய ஏல் ஈஸ்ட்டை வைத்தே வெதுவெதுப்பில் சில நாட்களில் புளிக்க வைத்து, அப்புறம் குளிரில் வைத்துத் தெளிய விட்டார்கள். சிலர் லாகர் ஈஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏலின் வேகம், லாகரின் முகம். காப்பி அடித்தார்கள்தான், ஆனால் சொந்தக் கையெழுத்தில்.

சரி, அந்த மக்காச்சோளம். கலப்படம் என்று நினைப்பவர்கள் பீருக்கு அடிப்படைத் தானியமான பார்லியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அதிகம் விளைந்தது ஆறு வரிசை பார்லி. கதிரை மேலிருந்து பார்த்தால் மணிகள் ஆறு வரிசையாக நிற்கும். அதில் புரதம் அதிகம். அதை மட்டும் போட்டு வடித்தால் பீர் கலங்கும், கனக்கும். ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதில் தேவைக்கு மேலேயே உண்டு. சோள நொய்யைத் தனியாகக் கஞ்சி மாதிரி வேகவைத்துச் சேர்த்தால், மிச்சமிருக்கும் நொதிகள் அதையும் சர்க்கரையாக்கிவிடும். புரதமும் நீர்த்துப்போகும், பீரும் தெளியும். கிடைத்த தானியத்தோடு செய்துகொண்ட சமாதானம் இது. அமெரிக்காவில் லாகர் வடித்த ஜெர்மானியர்களும் இதைத்தான் செய்தார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மூடிய ஆலைகளில் பல திறக்கவே இல்லை. பிறகு க்ரீம் ஏல் என்ற பெயரைத் தூக்கி நிறுத்தியவற்றில் இரண்டு முக்கியம். சின்சினாட்டியில் 1958ல் வந்த லிட்டில் கிங்ஸ், 7 அவுன்ஸ் பச்சைக் குட்டி பாட்டில். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 207 மில்லி. நம்ம ஊர் குவார்ட்டரை விடக் கொஞ்சம் பெரிது! இன்னொன்று 1960ல் எங்கள் ராச்சஸ்டரில் வந்த ஜெனசீ. அந்த ஆலை 1878லிருந்து இருக்கிறது.

இந்தப் பக்கம் வந்தால் ஒரு வெயில் நாளில், உருளைக்கிழங்கு, மக்ரோனி, கறிக் குழம்பு எல்லாம் ஒன்றாகக் கொட்டித் தரும் இந்த ஊர் கார்பேஜ் பிளேட்டோடு குடித்துப் பாருங்கள். நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும். அரை மணி நேரம் பேச்சு சுவாரசியத்தில் வைத்துவிட்டால் வேகவைத்த சோளக்கதிர் வாசம் தூக்கலாகிவிடும். அது எனக்கே பிடிக்காது.